20,000 வெள்ளிக்குள் வேகமான பழைய கார்: வாங்குவது முதல் மோடிஃபை வரை

சுங்கை சிப்புட், பகாவ், லாபிஸ் மாதிரி தோட்டத்தை ஒட்டிய டவுனில் இருந்துகொண்டு, வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் கொஞ்சம் இழுக்கிற கார் ஒன்று வாங்கலாம் என்று ராத்திரி பகலாக போனில் விளம்பரம் உருட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோலாலம்பூர்க்காரனுக்கு நாலு தெரு தாண்டினால் ஸ்பெஷலிஸ்ட் வொர்க்ஷாப். நமக்கு டவுன் முனையில் ஒரு போர்மேன் (கார் மெக்கானிக்), அவருக்குத் தெரியாததற்கு ஈப்போ. நான் காருக்கு அலைந்ததைவிட பேப்பருக்கு அலைந்ததுதான் அதிகம். யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும், அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

1. பணத்தைப் பிரித்த பிறகு காரைப் பாருங்கள்

20,000 வெள்ளி இருக்கிறது என்றால் 20,000 வெள்ளிக்குக் கார் தேடக் கூடாது. 13,000, 14,000 வெள்ளிக்கு மேல் விலை போட்டிருப்பதைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள், பார்த்தால் மனசு கேட்காது. ஒரு 2,000 வெள்ளி இன்சூரன்ஸ், ரோட்டெக்ஸ் (சாலை வரி), சோதனை, பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும். மிச்சம் நாலாயிரம் சொச்சம், வாங்கின காரை ஒழுங்காக ஓடுகிற நிலைக்குக் கொண்டுவர. மோடிஃபை செய்யும் காசு இந்தக் கணக்கிலேயே இல்லை, அதைச் சம்பளத்தில் மாதாமாதம் பார்த்துக்கொள்ளலாம்.

பத்து வருடம் தாண்டிய காருக்கு பேங்க் கடன் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் தவணைக் காலம் குறைவு, மாதக் கட்டு அதிகம். ரொக்கம் அல்லது கோப்பராசி (கூட்டுறவுச் சங்க) கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காருக்காக ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) போனவர்களின் கதை உங்கள் லயத்திலேயே ஒன்றாவது இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

இன்சூரன்ஸ்தான் புதியவர்கள் மறக்கிற செலவு. என்சிடி, அதாவது க்ளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, இல்லாமல் முதல் கார் எடுப்பவர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். க்ளெய்ம் செய்யாமல் ஒரு வருடம் ஓட்டினால் 25 சதவீதம் தள்ளுபடி, அப்படியே ஏறி ஐந்து வருடத்தில் 55 சதவீதம் வரை போகும். அப்பாவுக்கு 55 இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள், அவருடைய என்சிடி உங்கள் பெயருக்கு வராது. ஆனால் உங்கள் பெயரிலேயே பழைய கார் ஒன்று இருந்து அதை விற்றுவிட்டால், அதன் என்சிடியைப் புதிதாக வாங்கும் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். இதை ஏஜென்டிடம் நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்.

இன்னொன்று, 15 வருடம் தாண்டிய காருக்கு முதல் தர இன்சூரன்ஸ் தர பல கம்பெனிகள் தயங்கும். மூன்றாம் தரப்பு, தீ, திருட்டு என்று சேர்த்து எடுக்க முடிகிறதா என்று கார் பார்க்கப் போகும் முன்பே பிளேட் நம்பரைக் கொடுத்து விலை கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

ரோட்டெக்ஸ் எஞ்சின் அளவைப் பொறுத்தது. தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு 1,401 முதல் 1,600 சிசி வரை வருடத்துக்கு வெறும் 90 வெள்ளி. 1,600 தாண்டினால் 200 வெள்ளியும் மேலே வரும் ஒவ்வொரு சிசிக்கும் 40 சென்னும். 1,800 தாண்டினால் 280 வெள்ளியும் சிசிக்கு 50 சென்னும். அதாவது 1,597 சிசி காருக்கு 90, 1,834 சிசி காருக்கு 297, 1,997 சிசி காருக்கு 378 வெள்ளி 50 சென்.

2. உங்கள் போர்மேனுக்குத் தெரிந்த காரைத் தேர்ந்தெடுங்கள்

எந்தக் கார் வேகம் என்று கேட்காதீர்கள். "அண்ணே, இந்தக் காரை நீங்க பிரிச்சுப் போட்டுத் திருப்பி மாட்டியிருக்கீங்களா?" என்று உங்கள் ஊர் போர்மேனிடம் கேளுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

பெரோடுவா மைவி 1.5, இரண்டாம் தலைமுறை, 2011க்குப் பிறகு வந்தது, மேனுவல் கியர். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 1,495 சிசி, எடை குறைவு, டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும். 2017 கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறையில் 1.5க்கு மேனுவல் வரவில்லை, அதனால்தான் பழசுக்கு இன்னும் கிராக்கி.

புரோட்டோன் சத்ரியா நியோ 1.6 சிபிஎஸ் (வால்வு திறப்பை மாற்றிக் கூடுதல் சக்தி தரும் எஞ்சின்). 125 குதிரை சக்தி, வளைவில் நன்றாக ஒட்டிப் போகும், ரோட்டெக்ஸ் 90 வெள்ளிதான். என்னைக் கேட்டால் இந்த விலையில் ஓட்டுவதற்கு இதைவிடச் சுவாரசியமானது இல்லை. சிபிஎஸ் இல்லாத 1.6 கேம்ப்ரோவும் (புரோட்டோனின் சொந்த எஞ்சின்) அதே உடம்பில் வந்தது, அது 110 குதிரை சக்திதான், நடு ஆர்பிஎம்மில் கொஞ்சம் தூங்கும். விற்பவர் எல்லாவற்றையும் சிபிஎஸ் என்றுதான் சொல்வார், பானெட்டைத் திறந்து பாருங்கள். கண்ணாடி ஏற்றி இறக்கும் பவர் விண்டோ கோளாறு இருந்தால் பயப்படாதீர்கள். நம் நாட்டில் அதைப் பற்றி ஜோக் சொல்லாத ஆளே இல்லை.

சத்ரியா ஜிடிஐ. 1.8 டிஓஎச்சி, 4ஜி93 எஞ்சின். ஆசைப்படாதவர் கிடையாது. ஆனால் நல்ல நிலையில் இருப்பது இந்தப் பட்ஜெட்டில் அமையாது, அமைவதில் பாதி 1.3, 1.6 சத்ரியாவுக்கு ஜிடிஐ உடுப்பு மாட்டியது. கெரானில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) 1,834 சிசி என்று இருக்கிறதா, எஞ்சின் நம்பர் 4ஜி93 என்று தொடங்குகிறதா, இரண்டையும் பாருங்கள். திருடர்களுக்கும் பிடித்த கார் என்பதால் வீட்டில் கேட் இல்லாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

சுசூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் பழைய மாடல், 1,586 சிசி, அருமையான கார். சாமானுக்கு ஈப்போ, சில நேரம் கோலாலம்பூர். ஹோண்டா சிவிக் எஃப்டி 2.0 நெடுஞ்சாலைக்கு ராஜா, ஆனால் ரோட்டெக்ஸும் இன்சூரன்ஸும் ஏறும், 20,000 வெள்ளியில் நல்லது சிக்குவது கடினம்.

டர்போ புரோட்டோன்கள், அதாவது பிரெவே, சுப்ரிமா எஸ்ஸில் வரும் சிஎஃப்இ எஞ்சின், விலைக்கு நல்ல இழுவை. ஆனால் ஆயில் கூலர் ஹோஸ் மாற்றியிருக்கிறதா, சிவிடி கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றப்பட்டது, இரண்டுக்கும் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். கியர்பாக்ஸ் போனால் வாங்கின விலையில் பெரும்பங்கு அங்கே போய்விடும். உலர் வகை இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் கொண்ட ஐரோப்பியக் கார்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீட்ட வேண்டாம், மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே அந்தக் கியர்பாக்ஸ்தான்.

3. காரைப் பார்க்கப் போகும் முன் கெரானைப் பாருங்கள்

விற்பவரிடம் கெரானின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். "நேர்ல வாங்க தம்பி, காட்றேன்" என்று இழுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். கெரானில் பார்க்க வேண்டியது: உரிமையாளர் பெயரும் பேசுகிறவர் பெயரும் ஒன்றா, எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், சிசி, நிறம், பேங்க்கின் உரிமைக் கோரல் இருக்கிறதா.

பேங்க் பெயர் இருந்தால் கடன் முடியவில்லை அல்லது முடிந்தும் ரிலீஸ் செய்யவில்லை. கடன் பாக்கி இருந்தால் விற்பவர் கையில் காசு கொடுக்காதீர்கள். பாக்கித் தொகைக் கடிதத்தை பேங்க்கில் வாங்கச் சொல்லி, அந்தத் தொகையை நேராக பேங்க்கில் கட்டி, ரசீதை நீங்கள் வைத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் பெயர் மாற்றத்தன்று விற்பவருக்குக் கொடுங்கள். கோரல் நீங்க சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம், அதனால் லீவு எடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சம்போங் பாயார் என்று ஒன்று வரும். "3,000 மட்டும் கொடு, மாசக் கட்டை நீ தொடர்ந்து கட்டு, கார் உன்னது" என்பார்கள். கார் உங்களுடையது ஆகாது. பேங்க்குக்குத் தெரியாமல் அப்படிக் கைமாற்றுவது வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். கட்டு பாக்கி நின்றால் ஆள் வந்து காரை இழுத்துக்கொண்டு போவார்கள், இன்சூரன்ஸ் அவர் பெயரில், விபத்து உங்கள் கையில். எவ்வளவு நெருங்கிய சொந்தம் சொன்னாலும் வேண்டாம்.

நம் பக்கத்தில் அடிக்கடி வருகிற இன்னொரு சிக்கல், காலமான அப்பா பெயரில் இருக்கும் கார். லயத்து ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும், கிலோமீட்டர் குறைவு, விலையும் குறைவு, பிள்ளைகள் விற்கத் தயார். ஆனால் பெயர் மாற்றத்துக்கு இறந்தவர் வந்து கைரேகை வைக்க முடியாது. வாரிசுகள் முதலில் அமானா ராயா (சொத்துகளை நிர்வகிக்கும் அரசு நிறுவனம்) அல்லது நீதிமன்றம் வழியாக உரிமைப் பத்திரம் எடுத்தாக வேண்டும், மாதக் கணக்கில் இழுக்கும், இடையில் ஒரு தங்கச்சி கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் முடிந்தது கதை. "முன்பணம் கொடுங்க, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று என்னிடமும் ஒரு குடும்பம் கேட்டது. பத்திரம் கைக்கு வந்த பிறகு கூப்பிடுங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சமன் (அபராதம்) பாக்கி, கருப்புப் பட்டியல் இரண்டையும் விற்பவரே தன் மைஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின்) செயலியைத் திறந்து உங்கள் முன் காட்டட்டும். போலீஸ் சமனைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

4. காலையில் போங்கள், எஞ்சின் சூடாகும் முன்

"நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள், துரு நிறமோ எண்ணெய்ப் படலமோ கூடாது. ஆயில் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் பிசுக்கு இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்யும்போது ஒரு ஆளைப் பின்னால் நிறுத்துங்கள், நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஓட்டும்போது இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு வேகமாக மாற்றுங்கள், கரகரவென்றால் சின்க்ரோ (கியரை மென்மையாக இணைக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது, வேகமாக ஓட்டப்பட்ட காரில் முதலில் போவது அதுதான்.

வெள்ளத்தில் மூழ்கிய காரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் ஏராளமான கார்கள் முங்கின, கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தவையும் உண்டு. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள், கடைசி ஒரு சாண் வரை. யாரும் கழுவாத இடம் அது. அங்கே சாம்பல் நிறத்தில் கோடு போட்ட மாதிரி கறை இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. சீட்டை முன்னுக்குத் தள்ளி அடியில் இருக்கும் தண்டவாளத்தையும் போல்ட்டையும் பாருங்கள், ஸ்பேர் டயர் குழியில் கையை விட்டு மூலையைத் தடவுங்கள். நம் தோட்டத்துக் கார்களில் செம்மண் தூசி இல்லாத இடமே இருக்காது, அதைப் பார்த்து வெள்ளக் கார் என்று பயந்துவிட வேண்டாம். செம்மண் தூசி தட்டினால் உதிரும், சிவப்பாக இருக்கும். வெள்ளச் சேறு காய்ந்து மாவு மாதிரி ஒட்டிப்போய் இடுக்கில் இருக்கும், நகத்தால் சுரண்டினால்தான் வரும்.

விபத்துக்கு, பின்னால் சாமான் வைக்கும் பூட்டின் தரைவிரிப்பைத் தூக்கி ஓரத்து வெல்டிங் புள்ளிகளைப் பாருங்கள், கம்பெனியில் போட்டது ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். பட்டறையில் போட்டது அப்படி இருக்காது.

எல்லாம் சரியென்று பட்டால் உங்கள் போர்மேனைக் கூட்டிப் போங்கள். அரை நாள் கூலி, பெட்ரோல், சாப்பாடு என்று கொடுத்துவிடுங்கள், சும்மா கூப்பிடாதீர்கள். கம்ப்ரஷன் (எஞ்சின் சிலிண்டர் அழுத்தம்) சோதனை செய்யச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

5. சோதனை, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம்: இந்த வரிசையில்தான்

முன்பணம் 200, 300 வெள்ளிக்கு மேல் வேண்டாம். சோதனையில் தேறாவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், அவருடைய ஐசி (அடையாள அட்டை) நம்பரோடு.

அப்புறம் புஸ்பகோமில் (வாகனச் சோதனை நிலையத்தில்) பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை, ஆன்லைனில் தேதி பிடிக்க வேண்டும். கட்டணம் 30 வெள்ளி அளவில்தான். கடன் எடுத்து வாங்கினால் பி7 சோதனையும் சேரும். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், பி5 கார் நல்ல கார் என்று சொல்வதற்கு இல்லை. எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் கெரானோடு பொருந்துகிறதா, கண்ணாடி டின்ட், உடம்பு, அடிப்பகுதி சரியா என்று பார்ப்பதற்குத்தான். பழைய கார்களில் சேசிஸ் நம்பர் துருப்பிடித்துப் படிக்க முடியாமல் இருக்கும், அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். போவதற்கு முந்தின நாளே இரண்டு நம்பரையும் துணியால் துடைத்து, எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். சத்தமான எக்ஸாஸ்ட், கருப்பு டின்ட் இருந்தால் விற்பவர் செலவில் கழற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

தேறினதும் உங்கள் பெயரில் இன்சூரன்ஸ். இது ஜேபிஜே கணினியில் ஏறிய பிறகுதான் பெயர் மாற்றம் நடக்கும், ஏஜென்ட் அனுப்பிவிட்டேன் என்று சொன்னதும் கிளம்பிவிடாதீர்கள், ஏறிவிட்டதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஜேபிஜே. இருவரும் ஒரே நாளில் போய்க் கைரேகை வைப்பது நல்லது. கையில் இருக்க வேண்டியது: இருவரின் ஐசி, கெரான், சோதனை அறிக்கை, நிரப்பிய ஜேபிஜே கே3ஏ படிவம், கட்டணம் 100 வெள்ளி. திங்கட்கிழமையும் பள்ளி விடுமுறைக்கு அடுத்த நாளும் போகாதீர்கள். கைரேகை பதிந்து உங்கள் பெயர் ஏறிய பிறகு, அங்கேயே நின்று மிச்சப் பணத்தைக் கொடுங்கள். "இப்பவே போட்டுவிடு, நாளைக்கு வந்து கைரேகை வைக்கிறேன்" என்பவருக்கு ஒரு சென்கூட வேண்டாம். 2023 பிப்ரவரியிலிருந்து ரோட்டெக்ஸ் ஸ்டிக்கர் ஒட்டத் தேவையில்லை, செயலியில் தெரிந்தால் போதும்.

6. முதல் மூன்று மாதம் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டாதீர்கள்

எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் நான்கையும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் எஞ்சின் என்றால், மாற்றிய ரசீது கையில் இல்லாவிட்டால் மாற்றாத பெல்ட் என்றே வைத்துக்கொண்டு வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். அறுந்தால் வால்வு வளையும், அந்தச் செலவில் இன்னொரு எஞ்சின் வாங்கலாம். எஞ்சின் மவுண்டிங், லோவர் ஆர்ம் புஷ், ரேடியேட்டர் ஹோஸ். நம் சாலையில் செம்பனை லாரி போட்ட குழியில் விழுந்து விழுந்து புஷ் எல்லாம் கிழிந்திருக்கும், ஸ்டியரிங் தளர்ந்திருக்கிறது என்று நினைப்பது பாதி நேரம் இந்தப் புஷ்தான். இதை மட்டும் செய்தாலே காரின் குணம் மாறிவிடும், பலர் அதற்குப் பிறகு மோடிஃபையே வேண்டாம் என்கிறார்கள்.

7. மோடிஃபை: டயர், பிரேக், சஸ்பென்ஷன், கடைசியில் சக்தி

டயர் முதல். ரோட்டோரக் கடையில் "ஜப்பான் செகண்ட்ஹேண்ட், பூ அப்படியே இருக்கு" என்பார்கள். பூவை (டயரின் வரிப்பள்ளத்தை) பார்க்காதீர்கள், பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வயதான ரப்பர் கல்லாகிவிடும், மழையில் பிடிக்காது, நம் ஊரில் எந்த மாதம் மழை இல்லை? ரிம்மைப் பெரிதாக்காமல் புது டயர் நாலு போடுங்கள்.

அடுத்து பிரேக். நல்ல பிரேக் பேட், புது டாட்4 ஆயில், தேய்ந்த டிஸ்க் இருந்தால் அதுவும். பெரிய காலிப்பர் எல்லாம் இந்தப் பட்ஜெட்டில் தேவையில்லை.

சஸ்பென்ஷனில் பணத்தை ஷாக் அப்சார்பரில் போடுங்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதை எந்த போர்மேன் சொன்னாலும் கேட்காதீர்கள். தோட்டத்து நுழைவாயில் ஹம்ப், செம்மண் ரோடு, மழைக்குப் பிறகு லாரி டயர் பதிந்த பள்ளம், இதில் தாழ்த்திய காரின் ஆயில் சம்ப் எத்தனை நாளைக்குத் தாங்கும்? சட்டப்படியும் அனுமதியில்லாமல் தாழ்த்துவது பிரச்சினைதான். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் புது டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

கடைசியாக சக்தி. டர்போ இல்லாத 1.5, 1.6 எஞ்சினில் ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், ட்யூனிங் எல்லாம் சேர்த்துச் செய்தாலும் கிடைப்பது கொஞ்சம்தான், சத்தம்தான் அதிகம். கிரவுண்டிங் வயர், மின்னழுத்தப் பெட்டி, பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் இதெல்லாம் தவுக்கேயின் (கடை முதலாளியின்) வீட்டுக் கடனைக் கட்ட உதவும். உண்மையிலேயே சக்தி வேண்டும் என்றால் மூன்று வருடம் கழித்து அதிக சக்தியுள்ள கார் வாங்குவதுதான் மலிவு. பெட்ரோலையும் யோசியுங்கள், 2025 செப்டம்பர் கடைசியில் வந்த பூடி95 மானியத் திட்டத்தில் ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 வெள்ளி. ட்யூனிங் செய்து ரோன்97 குடிக்கிற மாதிரி மாற்றிக்கொண்டால் அந்தச் சலுகை போச்சு.

8. ரோட் பிளாக்கில் மாட்டாமல் இருக்க

முன் கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளி விட வேண்டும், முன் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம். பின்னால் 2019 மேயிலிருந்து எவ்வளவு கருப்பும் போடலாம். எழுத்து மாற்றிய நம்பர் பிளேட், வெளியில் வாங்கி மாட்டிய எச்ஐடி விளக்கு, காது கிழியும் எக்ஸாஸ்ட், இந்த மூன்றும் ஜேபிஜே ஆட்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பவை.

ஹாஃப்கட் (வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்) எஞ்சின் மாற்றுவதாக இருந்தால் முதலில் ஜேபிஜேயில் அனுமதி, அப்புறம்தான் ஸ்பானர். எஞ்சின் வாங்கிய ரசீது, இறக்குமதிச் சுங்கப் பத்திரம் இரண்டையும் கடைக்காரரிடம் காசு கொடுக்கும் முன்பே காட்டச் சொல்லுங்கள். பேப்பர் இல்லாத எஞ்சின் 1,000 வெள்ளி குறைவாகக் கிடைக்கும், ஆனால் அந்தக் காரை உங்களால் சட்டப்படி விற்கவே முடியாது. முதலில் அதை வாங்கின ஆளும் இப்படி ஏமாந்து, இப்போது உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறவராக இருக்கலாம், அதனால்தான் மூன்றாம் படியில் எஞ்சின் நம்பரைப் பார்க்கச் சொன்னேன்.

செய்த மாற்றங்களை இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, பதிலோடு சேமித்து வையுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். கழற்றிய ஒரிஜினல் சாமான்களை பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். எக்ஸாஸ்ட், ஸ்பிரிங், ஏர் பாக்ஸ் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பின்கட்டில் வையுங்கள், விற்கும் நாளில் பி5 சோதனைக்கு அதையெல்லாம் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.